ஈப்போ மழையும் ஒரு நூல்கண்டும்

நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது. ஆனால் டிசம்பர் உண்டு. அலுவலகத்தில் மீதமிருக்கும் விடுப்பைத் தீர்த்துவிடும்படி மேலாளர் சொல்லும் மாதம். பிள்ளைகளுக்கு விடுமுறை. கொஞ்சம் குளிரட்டுமே என்று பாதிப் பேர் கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மலையேறும் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். நாங்கள் சென்ற டிசம்பரில் மலையேறவில்லை. நான், கணவர், பதினொரு வயது மகள் மூவரும் பேராக் மாநிலத்துக்கு ரயிலேறினோம். பெரியம்மா வீட்டில் நான்கு இரவுகள் தங்குவதாகத் திட்டம்.

பெரியம்மா என்பது என் அம்மாவின் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் பால் மரம் வெட்டியவர். ஜோகூரில் இருக்கும் அவருடைய மகன், அதாவது என் அண்ணன், புறப்படும் முன் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். "அம்மா தனியா இருக்கிறது எனக்குச் சரியாப் படல. வீட்ட வித்துட்டு என்கூட வரச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க." அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்ற யோசனையோடுதான் பயணம் தொடங்கியது.

ஈப்போவில் இறங்கியதும்

தலைநகரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். 2010-ல் ஓடத் தொடங்கிய இடிஎஸ் மின்ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். தஞ்சோங் மாலிம் தாண்டினால் இரு பக்கமும் செம்பனை. ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் குன்றுகள் திடீரென்று தரையிலிருந்து முளைத்தாற்போல் நிற்கும். மழை மேகம் அவற்றின் தலையில் துண்டு கட்டியிருக்கும் டிசம்பரில் அந்தக் காட்சி கூடுதல் அழகு.

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கினால் உடனே வெளியே ஓடாதீர்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1917-ல் முடிந்த கட்டடம் அது. வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்து 'ஈப்போவின் தாஜ்மஹால்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கோலகங்சாரில் இருக்கும் உபுடியா பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. ஒரு காலத்தில் உலகிலேயே செழிப்பான ஈயவயல் என்று பெயர் வாங்கிய கிந்தா பள்ளத்தாக்கின் பணம்தான் இந்த நகரத்தை எழுப்பியது. 1985-ல் ஈயத்தின் விலை சரிந்ததும் நகரம் மெல்லச் சோர்ந்தது. இன்று பழைய கடைவீடுகளில் காப்பிக்கடைகளும் சுவரோவியங்களும் வந்து மறுபடி முகம் தெளிந்திருக்கிறது.

பழைய நகரத்தில் வெள்ளைக் காப்பி குடிக்காமல் வந்தால் ஈப்போ போனதாகக் கணக்கில்லை. கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுப்பார்கள். மற்றக் கறுப்புக் காப்பிக்குச் சேர்ப்பதுபோல் சீனி சேர்ப்பதில்லை. அதனால் நிறம் வெளுப்பு, கசப்பும் குறைவு. கெட்டிப்பால் ஊற்றி நுரை தளும்பக் கொண்டு வருவார்கள். தம்புன் பக்கத்துப் பம்பளிமாஸ் பழம் இரண்டு வாங்கிக்கொண்டோம். அடுத்து புந்தோங். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே முறுக்கும் பகோடாவும் கடலையும் பொரித்து, 'கச்சான் பூத்தே' என்ற பெயரில் நாடெங்கும் கொண்டு சேர்த்தன. கடைக்குள் நுழையும்போதே எண்ணெயும் ஓமமும் கலந்த வாசனை. ஒரு கிலோ காரமுறுக்கு வாங்கினோம். அது பெரியம்மாவுக்கு என்று வாங்கியது. காரிலேயே கால்வாசி முடிந்துவிட்டது.

கார் இல்லாத வீட்டின் முன்பக்கம்

பெரியம்மாவின் வீடு வரிசை வீடுகளில் கடைசி. முன்பக்கம் கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அவரிடம் கார் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த நாற்காலிகள் நிரம்பிவிடும். பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டுப் பாட்டி, பின்தெருவிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஆளுக்கொரு பை. பைக்குள் நூல்கண்டும் ஊசியும்.

ஆம், கம்பளி பின்னுகிறார்கள். முப்பத்திரண்டு டிகிரி வெயிலடிக்கும் ஊரில் கம்பளி எதற்கு என்று என் கணவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பெரியம்மா பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு குல்லாய். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளும் சக்தி குறைவு. தலை வழியாகச் சூடு போய்விடும். ஊர் எவ்வளவு புழுங்கினாலும் அந்தக் குழந்தைகளுக்குக் குளிர்காலம்தான். அதற்காகத்தான் இந்த மென்மையான நூலில் குல்லாய்கள். மாதம் ஒருமுறை ஆசிரியை மூட்டை கட்டி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கணவர் அந்தக் குல்லாயைத் திருப்பித் தரக் கொஞ்ச நேரம் ஆனது.

பெரியம்மா பின்னக் கற்றுக்கொண்டது அறுபத்திரண்டு வயதில். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய வயதில் அவர் லயத்து வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. "டீச்சர் எனக்கு அ ஆ சொல்லிக்குடுக்கல, கண்ணி போடச் சொல்லிக்குடுத்தாங்க" என்று ஆசிரியையைக் காட்டிச் சிரிக்கிறார்.

வரிசையை எண்ண அவரிடம் ஒரு வழி உண்டு. பத்து வரிசை முடிந்தால் ஒரு ரப்பர் வளையத்தை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். மணிக்கட்டைப் பார்த்தாலே எவ்வளவு ஆயிற்று என்று தெரிந்துவிடும். "இதுவும் நம்ம மரத்துலேருந்து வந்ததுதான?" என்று வளையத்தை இழுத்துவிட்டுக் காட்டினார்.

மழை பெய்தால்

இரண்டாம் நாள் மதியத்திலிருந்தே மழை. தகரக் கூரையில் பேச்சுக் கேட்காத அளவுக்கு. நான் "ச்சே, இன்னிக்கு வெளியே போக முடியாதே" என்றேன். பெரியம்மா ஊசியை நிறுத்தவில்லை.

"அப்பல்லாம் மழ வந்தா எனக்கு அழுகையா வரும்மா. மரம் ஈரமா இருந்தா வெட்ட முடியாது. கோட்டுல ஓட வேண்டிய பாலு பட்ட மேல பரவிப் போயிடும். மங்குல தண்ணி நெறஞ்சிடும். வெட்டு இல்லேன்னா சம்பளம் இல்ல. டிசம்பர்ல பத்து நாள், பன்னெண்டு நாள் அப்படிப் போகும். பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம், பிள்ளைக்கு சட்ட வாங்கணும். ராத்திரி தகரத்துல சொட்டுன்னு ஒரு சத்தம் கேட்டா தூக்கம் போயிடும்."

எதிர்வீட்டுப் பாட்டி தலையாட்டினார். அவரும் அதே தோட்டம்தான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் இருட்டிலேயே வேலை. ஆளுக்கு நானூறு, ஐநூறு மரம். முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு. அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை. சும்மா உட்கார்வது என்பது அந்த நாளில் நோய் வந்தவர்களுக்கு மட்டும் வாய்த்தது.

"இப்ப மழ வந்தா நல்லா இருக்கு. யாரும் எங்கேயும் போக மாட்டாங்க. எல்லாரும் இங்க வந்துருவாங்க" என்றார் பெரியம்மா. மழைச் சத்தத்தோடு தேநீரும் முறுக்கும் வந்தன. அண்ணன் சொன்ன விஷயத்தை அன்று நான் எடுக்கவில்லை.

அன்று மாலை என் மகளும் ஒரு நாற்காலியில் இடம் பிடித்தாள். நூலை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஊசி நுழையாமல் திணறினாள். பெரியம்மா அவள் விரலைத் தளர்த்திவிட்டார். "இறுக்காத ஆயி. உளியும் இப்படித்தான். ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம். மேலால வெட்டினா பாலு வராது. கையி தானா கத்துக்கும்." இரவு உணவுக்குள் அவள் நான்கு வரிசை பின்னியிருந்தாள். கைப்பேசி எங்கே என்று அவள் கேட்டது ஒன்பது மணிக்கு.

தோட்டம் இருந்த இடம்

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. பெரியம்மா வேலை செய்த தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு செம்பனையும் போய், இப்போது பாதி நிலத்தில் புதிய வீடுகள். லயங்கள் இருந்த வரிசை எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு பலாமரத்தைக் காட்டி, "இதுதான் எங்க குசினிக்குப் பின்னாடி இருந்தது" என்றார். மாரியம்மன் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. பல தாமான்களிலிருந்து ஆடித் திருவிழாவுக்கு ஆட்கள் வருகிறார்களாம்.

இந்தக் கதை ஒரு தோட்டத்தோடு முடிவதில்லை. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையோடு வீடும் போயிற்று. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தொழிலாளிக்கு அல்ல. அந்த நேரத்தில்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரியம்மாவின் தோட்டம் அதில் வரவில்லை. அவர் இந்தத் தாமான் வீட்டைத் தன் சேமிப்பில் வாங்கியது ஐம்பது வயதுக்கு மேல். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு கதவு.

நேரமிருந்தால் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று கோலகங்சார். 1877-ல் சர் ஹியூ லோ அங்கே ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று மாவட்ட நில அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு நிற்கிறது. மற்றொன்று பத்து காஜா அருகே கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-ல் தொடங்கிய இந்த மாளிகையைக் கட்டச் சென்னைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். ஸ்பானிய விஷக்காய்ச்சலில் பலர் இறந்துபோனார்கள். தொழிலாளர்கள் கேட்டதற்கு இணங்க ஸ்மித் கட்டித் தந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கூரைமேல் சிலைகளுக்கு நடுவே அவரும் தொப்பியோடு நிற்கிறார். 1926-ல் லிஸ்பனில் அவர் இறந்ததும் மாளிகை வேலை நின்றுவிட்டது. அரைகுறையாக நிற்கும் மாளிகைக்குச் சீட்டு வாங்கிப் போகிறோம். கோயிலில் இன்றும் விளக்கெரிகிறது.

தைப்பிங்கில் ஒரு பிற்பகல்

கடைசி நாள் தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். இன்று மழை வருமா, வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். 1880-ல் பழைய ஈயச்சுரங்கத்தைப் பூங்காவாக மாற்றியதுதான் அங்குள்ள ஏரிப் பூங்கா. சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் நடப்பதே போதும். பின்னால் மேக்ஸ்வெல் மலை என்று முன்பு சொல்லப்பட்ட புக்கிட் லாருட், 1884-ல் உருவான மலை வாசஸ்தலம், மேகத்துக்குள் இருந்தது.

பூங்கா பெஞ்சில்தான் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை.

"அவன் சொல்றது தப்பில்ல. எனக்கு ராத்திரி மயக்கம் வந்தா யாரு பாப்பா, அதான அவன் பயம்? எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட என் சாவி இருக்கு. அவ சாவி என்கிட்ட இருக்கு. காலையில ஏழு மணிக்கு வாசல் வெளக்கு அணையலன்னா வந்து கதவத் தொறப்பா. ஜோகூர்ல பதினாலாவது மாடி. அவனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா, என் சாவிய யாருகிட்ட குடுக்கறது?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வீட்டை விற்கப் போவதில்லை. தைப்பூசம் முடிந்ததும் ஒரு மாதம் ஜோகூர் போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். பிடித்திருந்தால் இன்னொரு மாதம். நூலும் ஊசியும் கூடவே வரும். அன்று இரவு அண்ணனிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாட்டியோட நம்பர் குடு" என்றார். நாங்கள் புறப்படும் முன்பே எதிர்வீட்டில் அவருடைய அழைப்பு வந்துவிட்டது.

பேராக் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். மூன்று நாளுக்குப் பன்னிரண்டு இடம் என்று பட்டியல் போடாதீர்கள். காலையில் ஓர் இடம் போதும். பிற்பகலை மழைக்கு விட்டுவிடுங்கள். குடை அவசியம். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். எந்தப் பலாமரம் யாருடைய குசினிக்குப் பின்னால் நின்றது என்பது எந்த வரைபடத்திலும் கிடையாது. கையில் ஒரு நூல்கண்டு இருந்தால் இரண்டரை மணி நேர ரயில் பயணம் போவதே தெரியாது. என் மகளின் முதல் குல்லாய் திரும்பும் வழியில் தஞ்சோங் மாலிமில் முடிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். ஆசிரியை பார்த்துச் சரியென்றால், ஜனவரி மூட்டையில் அதுவும் போகும்.