பெயரும் எண்ணும்

பெயர் மாறினால் பொருள் மாறுமோ என்னும் வினா, இலக்கணம் பயில்வோர்க்கே உரியதென்று எண்ணுவோர் பலர். கணினியைப் புதுப்பிக்கப் புகுவோரையும் அவ்வினா எதிர்நோக்கி நிற்கின்றது.

நம் விடுதியில் 'ராஸ்பெர்ரி பை' என்னும் உள்ளங்கையளவுக் கணினியொன்று உளது. முன்னர்ப் பயின்று சென்றோர் ஏட்டுச்சுவடிகளைப் பார்த்துத் தட்டெழுதியவை அதனுள் இருக்கின்றன. நள்ளிரவுதோறும் அவை வேறொரு வட்டில் நகலெடுக்கப்படும். இவ்வகைக் கணினிகட்கெல்லாம் 'பை' என்பதே தொடக்கத்தில் பயனர்பெயர். உலகறிந்த பெயராதலின், கள்வன் கடவுச்சொல் ஒன்றை ஊகித்தாற் போதும். ஆகவே, 2022 ஏப்ரலில் அதனை ஆக்குவோர் அப்பொதுப்பெயரை நீக்கி, புதிதாய் நிறுவுவோர் தாமே பெயர் சூட்டிக்கொள்ளுமாறு செய்தனர். முன்னரே நிறுவியதைப் புதுப்பிப்போர்க்கோ பழைய பெயர் தானே மாறுவதில்லை. நாமே மாற்றல் வேண்டும். சென்ற விடுமுறையில் யானும் என் அறைத்தோழரும் இதனை மேற்கொண்டோம்.

1969-இல் தோன்றிய யூனிக்ஸின் நெறியைப் பின்பற்றும் இவ்வமைப்பில், கோப்பின் உடையவர் எண்ணாலேயே குறிக்கப்படுவர். 'பை' என்பாரின் எண் 1000. அவ்வெண் மாறாதவரை, பெயர் யாதாயினும் உடைமை மாறாது. எனவே, பயனர்பெயரை இடுகுறிப்பெயர் எனலாம்.

ஆயின் இடர் வேறிடத்தில் உளது. மனிதர் எழுதிய கட்டளைகள் எண்ணை நோக்காது பெயரையே நோக்கும். நகலெடுக்கும் கட்டளையில் 'பை' என்னும் அடைவின் பெயரே இருந்தது. குறித்த வேளையில் நிகழ வேண்டிய பணிகளும் பயனர்பெயராலேயே தொகுக்கப்பட்டிருந்தன. பெயரை மட்டும் மாற்றினால் நகலெடுத்தல் ஓசையின்றி நின்றுவிடும்; மூலவட்டுப் பழுதுறும் நாளிலன்றோ அஃது தெரியவரும்!

ஆதலின் முதற்கண் யாவற்றையும் நகலெடுத்து, அந்நகலைத் திறந்து படித்துப் பார்த்தோம். பழைய பெயர் பயின்ற இடங்களைத் தேடிக் குறித்துக்கொண்டோம். ஒருவர் பெயரால் பணிகள் ஓடிக்கொண்டிருக்கையில் அப்பெயரை மாற்றவியலாது. எனவே மேலாளுரிமையுடைய வேறொரு பயனரை உண்டாக்கி, அவர் வாயிலாகப் பெயரையும் அடைவையும் மாற்றினோம். எண்ணைத் தொடவில்லை. பின்னர்க் கட்டளைகளைத் திருத்தி, விடுபட்டவை வழிதவறாதிருக்கப் பழைய அடைவின் இடத்தில் புதியதற்கு ஓர் இணைப்பையும் அமைத்தோம். மறுநாட் காலையில் வட்டினுள் புதிய நகல் இருக்கக் கண்ட பின்னரே எம் உள்ளம் அமைந்தது.

புதுப்பெயரிடுதல் ஒரு வரிக் கட்டளை. பழைய பெயரால் அழைத்தோர் யாவர் என ஆராய்ந்தறிதலே உழைப்பு. பின்வருவோர்க்கு அவ்வுழைப்புக் குறையும்பொருட்டு, பழைய பெயர், புதிய பெயர், எண் ஆகிய மூன்றையும் விடுதிக் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளோம்.