எஸ்டேட் ஜீப்பும் 43க்கு 8ம்

பி.காம். படிச்சவனுக்கு ஆக்ஸில்ல என்ன வேலைன்னு வீட்டம்மாவே கேட்டாச்சு. அதனால நீங்க கேக்க வேண்டாம் :-)

சிக்கமகளூர் பக்கம் மாற்றலாகி வந்து ரெண்டு வருஷம் ஆகுது. இங்கே காபி எஸ்டேட் வச்சிருக்கிற கௌடா ஒருத்தர் நல்ல சிநேகிதர். அவர்கிட்ட அப்பா காலத்துப் பெட்ரோல் ஜீப் ஒண்ணு ஷெட்ல தூங்கிக்கிட்டு இருந்தது. அதுக்கு டிராக்டர் ரக டீசல் இன்ஜின் ஒண்ணைப் பொருத்தி, பின்னாடி சீட்டைத் தூக்கிட்டு மூட்டை ஏத்துற மாதிரி தொட்டி கட்டி, பிக்கப்பா மாத்துறதுன்னு முடிவு. இன்ஜின் உக்காந்தாச்சு, தொட்டி வெல்டிங்கும் முடிஞ்சது. பின் ஆக்ஸில்ல வந்துதான் எல்லாரும் நின்னுட்டாங்க.

பழைய ஆக்ஸில்ல பேரிங் போய், கிரௌன் பல்லும் தேஞ்சு, ஊளையிட ஆரம்பிச்சிருந்தது. மெக்கானிக் வேற வண்டியிலிருந்து கழட்டின ஒரு ஆக்ஸிலைக் காட்டி, "இதைப் போட்டுடலாம், ஸ்பீடும் வரும், டீசலும் மிச்சம்" அப்படின்னார். கௌடாவுக்கு முகம் மலர்ந்தது. வண்டியை ஓட்டப் போற டிரைவர் அண்ணன், நம்ம திருப்பத்தூர்க்காரர், வாயே திறக்கலை. மொதலாளி முன்னாடி எப்படிப் பேசுவார்? அவர் அப்பா இந்த எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவர், இவர் இங்கேயே பொறந்தவர். தனியா வந்து என்கிட்ட மட்டும், "சார், இறக்கத்துல அது நிக்காதுன்னு தோணுது, நீங்க கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்"னார்.

கணக்குன்னு சொன்னா நமக்குக் கை சும்மா இருக்குமா?

முதல்ல பழைய ஆக்ஸில். ஒரு பின் சக்கரம் தரையில், இன்னொண்ணை ஜாக்கி வச்சுத் தூக்கியாச்சு. கியர் நியூட்ரல். தூக்கின சக்கரத்தைக் கையால சரியா ரெண்டு சுத்து சுத்தணும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணணும். (ஒரு சக்கரம் நிக்கிறப்ப இன்னொண்ணு இரட்டிப்பா ஓடும், டிஃபரன்ஷியலோட வேலையே அதுதான். அதனாலதான் ரெண்டு சுத்து.) சாக்பீஸ் அடையாளம் போட்டு எண்ணினோம். அஞ்சே கால் தாண்டி, அஞ்சரைக்கு உள்ளே. மூடியைக் கழட்டிப் பல்லை எண்ணினப்ப கிரௌன்ல 43, பினியன்ல 8. வகுத்தா 5.38. மெக்கானிக் காட்டின ஆக்ஸில்ல 47, 11. அதாவது 4.27.

டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகுது, டேப் வச்சு அளந்தோம். அறுபது கிலோமீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர், சக்கரம் 455 சுத்து. டாப் கியர்ல இன்ஜினும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே சுத்துதான். அப்போ 5.38 போட்டா இன்ஜின் 2,445 சுத்து சுத்தணும், 4.27 போட்டா 1,940 போதும். இந்த இன்ஜினை 2,400க்கு மேல விரட்டாதீங்கன்னு மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆக, பழைய பல்லுல 59 கிலோமீட்டர்தான் எல்லை, புதுசுல 74. கௌடா என்னைப் பார்த்த பார்வையில, லோன் சாங்ஷன் ஆன மாதிரி ஒரு சந்தோஷம்.

பேரேட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கே. அந்த வேகத்துக்குக் கொடுக்கிற விலை, அதே கியர்ல சக்கரத்துக்குப் போற இழுவிசையில இருபது சதவீதம். ஏத்தத்துல அது குறையும். இறக்கத்துல, அதே கியர், அதே வேகத்துல இன்ஜின் மெதுவாத்தான் சுத்தும். வண்டியைப் பிடிச்சு நிறுத்தற சக்தியும் குறையும். மூட்டையோட இறங்கறப்ப டிரைவர் பிரேக்கை மட்டுமே நம்பணும். நாலு சக்கரமும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதிச்சா சூடாகிப் பிடி விட்டுப்போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. இது ஃபோர் வீல் வண்டி. பின்னாடி 4.27, முன்னாடி பழைய 5.38னு இருந்தா, ஃபோர் வீல் போட்ட நிமிஷம் முன்னும் பின்னும் ரெண்டு வேற வேகத்துல சுத்தப் பார்க்கும். சேத்துல சமாளிச்சாலும், கெட்டித் தரையில டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கிட்டு எதையாவது உடைக்கும். மெக்கானிக் அசரலை, "முன் ஷாஃப்டைக் கழட்டிப் போட்டுடலாம் சார்"னார். இந்த ஜீப்புல ஃபோர் வீல் போடாம லோ கியர் விழாது. ஷாஃப்டைக் கழட்டினா லோ விழுந்தாலும் பின் சக்கரத்துல மட்டும்தான் வேலை செய்யும். இங்க ஜூன், ஜூலை மழையில அந்தச் செம்மண் பாதையை ஃபோர் வீல் இல்லாம இறங்கணும்னா, நான் அந்த வண்டியில ஏற மாட்டேன். டிரைவர் அண்ணன் தினம் ஏறணும்.

"டவுனுக்குப் போக ஸ்பீடு வேணுமே"ன்னார் கௌடா. அங்கேதான் வங்கிக்காரன் புத்தி வேலை செஞ்சது. இந்த வண்டி ரோட்டுக்கே போகக்கூடாதே! ஆர்.சி. புக்குல பெட்ரோல் ஜீப்னு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல தெளிவாச் சொல்லியாச்சு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரர் முதல்ல கேக்கறதே ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போகுதான்னுதான். எஸ்டேட் கேட்டுக்குள்ள மட்டும் ஓடற வண்டிக்கு 74 கிலோமீட்டர் எதுக்கு? உள்ளே முப்பதைத் தாண்ட இடமே இல்லை. முப்பதுல 5.38க்கு இன்ஜின் 1,220 சுத்துதான், அதுக்கு அதுவே சுகமான இடம்.

கௌடா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் மெக்கானிக்கிட்ட கன்னடத்துல என்னமோ சொன்னார், எனக்குப் பாதிதான் புரிஞ்சது. அந்த 4.27 ஆக்ஸில் திரும்பிப் போச்சு.

அதே 43க்கு 8 கணக்குல கிரௌன் பினியன் ஜோடி வாங்கினோம். ஜோடியாத்தான் வாங்கணும், ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தினது, பழசையும் புதுசையும் கலந்தா மறுபடி ஊளைதான். பேரிங்கும் ஆயில் சீலும் மாத்தியாச்சு. இந்த மாடல்ல வண்டியோட பாரத்தையும் ஆக்ஸில் ஷாஃப்டே தாங்குது, லாரியில மாதிரி ஹவுசிங் தாங்காது. அதனால ரெண்டு ஷாஃப்டையும் விரிசல் இருக்கான்னு பார்க்கச் சொன்னேன். ஒண்ணு தேறலை, மாத்தினாங்க. இந்தச் செலவுக்கு மட்டும் கௌடா முகம் சுளிக்கலை.

போன ஞாயித்துக்கிழமை பத்து மூட்டை ஏத்தி, ஷெட்டுக்கு மேலே இருக்கிற செங்குத்துப் பாதையில இறக்கிப் பார்த்தாங்க. நான் கீழே நின்னேன். லோ, ரெண்டாவது கியர். டிரைவர் அண்ணன் பிரேக்குல கால் வைக்காம, ஜன்னல் வழியா ரெண்டு காலையும் தூக்கிக் காட்ட முயற்சி பண்ணினார். அதுக்கு மட்டும் திட்டினேன்.