வாயில்லா உயிரின் புண்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. அச்செல்வத்தின் காலில் தைத்த ஒரு சிறு முள் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பையே அணைத்துவிடக் கூடும் என்பதை நாம் இளமையிலேயே உணர்ந்திருக்கிறோம்.

மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டுக்குச் சிறு காயம் புதிதன்று. சீமைக் கருவேல முள், முள்வேலிக் கம்பி, பிற மாட்டின் கொம்பு ஆகிய எதுவும் தோலைக் கிழிக்கும். தொழுவத்தில் கட்டிய மாட்டின் காயத்தை நாம் உடனே காண்போம். மேய்ந்து திரியும் மாட்டின் காயத்தையோ ஈயே முதலில் காண்கிறது. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுத் தோன்றித் தசையை அரிக்கத் தொடங்கும். ஆதலின், மாலையில் வீடு திரும்பும் மாட்டைக் குளம்பு முதல் கொம்பு வரை தடவிப் பார்த்தலே முதல் மருத்துவமாகும்.

எம் வாப்பா இவ்வழக்கத்தை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஒருமுறை அண்டை வீட்டு மூதாட்டியின் பசு நொண்டியபடி வந்தது. அதன் பாலே அவருக்கு வருவாய். குளம்பின் பிளவில் புழு வைத்திருந்தது. சாம்பலைத் தூவலாம் என்றனர் சிலர். சாணத்தை அப்பலாம் என்றனர் வேறு சிலர். "புண்ணுக்கு முதல் மருந்து தண்ணீர்தான், ஆத்தா" என்று கூறிய வாப்பா, காய்ச்சி ஆறிய உப்புநீரால் புண்ணைக் கழுவி, முள்முனையை அகற்றினார். சீத்தா இலையை அரைத்து வைத்துப் புழுக்களை வெளியேற்றினார். மறுநாள் முதல் வேம்பு, குப்பைமேனி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்து, இருவேளையும் தடவினார். சேறு படாத இடத்தில் கட்டப்பட்ட பசு, சில நாள்களில் காலூன்றி மேய்ச்சலுக்குச் சென்றது. மூதாட்டியின் அடுப்பும் அணையவில்லை.

இஃது எழுத்தறியா மக்களின் கைப்பழக்கம் மட்டுமன்று. 'மாட்டு வாகடம்' என ஓலைச்சுவடி எழுதிவைத்த மரபு நம்முடையது. 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இத்தகைய மூலிகை மருத்துவத்தைப் பரிந்துரைக்கிறது.

எனினும், மரபறிவுக்கும் எல்லையுண்டு. ஆழ்ந்த புண், நில்லாத குருதி, கண்ணிலோ மூட்டிலோ பட்ட காயம், காய்ச்சல், தீவனம் மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால் 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். வலிநீக்கி ஊசியைத் தாமாகச் செலுத்துதல் தகாது. டைக்ளோபினாக் செலுத்தப்பட்டு இறந்த மாடுகளை உண்ட பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதனாலேயே கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-இல் தடைசெய்யப்பட்டது. மண்ணில் ஓர் உயிரின் வலியைத் தணிக்க வந்த மருந்து, வானில் ஓர் இனத்தையே வீழ்த்தியது.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியோரிடம் மாட்டு நோய்களின் பெயர்களையும் மூலிகைகளின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு என்பதை அறியாதவன், அருகில் முளைத்த மருந்தையும் மிதித்துச் செல்வான். சொல் மறைந்தால் மருந்தும் மறையும். இரண்டையும் காப்பது தமிழ் பயில்வோர் கடனாகும்.