எருக்குழியில கிடந்த ஊசி

ஆறு மாசமா கீரை, மழை, மாடுன்னு எதையாவது எழுதிட்டிருந்தேன். எழுத வேண்டிய ஒண்ணை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இப்ப ஆடி பொறந்தாச்சு, கருமாரியம்மன் கோயில் பக்கம் வண்டி ஓட்ட முடியாத அளவுக்குக் கூட்டம். இந்த மாசம்தான் அக்காவுக்குக் கடைசி ரத்தப் பரிசோதனையும் முடிஞ்சுது. இனிமே சொல்லிடலாம்.

எங்க கழனியில களை எடுக்க ஒரு அக்கா வருவாங்க. இருபது வருஷப் பழக்கம். நான் கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ளைங்க பெத்தும் அவங்களுக்குத் 'தம்பி'தான். தை மாசக் கடைசியில சிறுகீரைப் பாத்தியில கோரை பிடுங்கிட்டிருந்தவங்க, "ஸ்ஸ்"னு கையை உதறினாங்க. முள்ளுன்னு நெனச்சு, விரலை வாயில வச்சு உறிஞ்சித் துப்பிட்டு, மறுபடி குனிஞ்சுட்டாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய் சுண்ணாம்பு தடவியிருக்காங்க. மறுநாள் காலையில வந்து, "தம்பி, அது முள்ளு இல்ல, இதுதான்"னு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்ததை எடுத்துக் குடுத்தாங்க.

இன்சுலின் போடுற சின்ன சிரிஞ்சு. மூடி இல்ல. ஊசி லேசா வளைஞ்சிருந்துச்சு.

வாங்கிப் பார்த்ததுமே எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. 22 யூனிட் கிட்ட ரோஸ் கலர்ல ஒரு கோடு. எங்கம்மாவுக்கு ஆறு வருஷமா இன்சுலின். காலையில 22, ராத்திரி கொஞ்சம் கம்மி. கண்ணு சரியாத் தெரியாததால என் மருமக ஒவ்வொரு புது சிரிஞ்சுலயும் நெயில் பாலிஷால கோடு போட்டுக் குடுப்பா. அந்தக் கோடு வரைக்கும் மருந்தை இழுத்தாப் போதும். இந்த ஊர்ல வேற யார் வீட்லயும் அந்தக் கோடு இருக்க வாய்ப்பில்ல.

நான் ஒண்ணும் சொல்லலை. வண்டியில உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "ஊசி யாரோடதுன்னு தெரியுமா?" நான், "தெரியலைம்மா, பக்கத்து மனையில அபார்ட்மென்ட்காரங்க குப்பை கொட்டுறாங்க, அதுலேர்ந்து வந்திருக்கும்"னேன். சொல்றது ரொம்ப சுலபமா இருந்துச்சு. அவங்க குப்பை கொட்டுறதும் உண்மைதானே. கூவத்துக் கரையில போய்ப் பாருங்க, யார் வீட்டு மெத்தை, யார் வீட்டு பொம்மைன்னு எல்லாம் கிடக்கும்.

யாரோட ஊசின்னே தெரியாததால டாக்டரம்மா எல்லாத்துக்கும் பாதுகாப்பு எடுத்தாங்க. தடுக்க ஒரு டெட்டனஸ் ஊசி. மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி, அதை இன்னிக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணுன்னு மூணு தடவை போடணுமாம். எச்.ஐ.வி. வராம இருக்க 28 நாளைக்கு மாத்திரை. அந்த மாத்திரையைக் குத்தின 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதுன்னாங்க. விரலை உறிஞ்சினது தப்பு, அழுத்திப் பிதுக்குறதும் தப்பு, சுண்ணாம்பும் வேண்டாம்; ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா வரணும்னு சொல்லிக் குடுத்தாங்க.

மாத்திரை அக்காவுக்கு ஒத்துக்கலை. ரெண்டாம் நாளே வாந்தி, தலைசுத்தல். பார்க்கப் போனப்ப திண்ணையில சுருண்டு கிடந்தாங்க. அவங்க மகன் என்னைப் பார்த்து, "என்னென்னமோ சொல்றாங்களே, அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல"ன்னான். அங்க நிக்க முடியலை எனக்கு.

ராத்திரி எங்கம்மாகிட்ட சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "என் ஊசியாடா அவளைக் குத்துச்சு?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். காலையில எனக்கு முன்னாடி புடவை மாத்திக்கிட்டு வாசல்ல நின்னாங்க. ஆஸ்பத்திரியில அம்மா ரத்தத்தைப் பார்த்தாங்க: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எதுவும் இல்ல. மாத்திரையை நிறுத்திட்டாங்க. தடுப்பூசியை மட்டும் தொடரச் சொன்னாங்க. மன நிம்மதிக்காக இடையில பரிசோதனையும் பண்ணிக்கச் சொன்னாங்க. டாக்டரம்மா என்னைத் திட்டலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. அக்கா சொன்னது வேற: "மொதல்லயே சொல்லியிருந்தா மூணு நாள் கூலி போயிருக்காதே தம்பி." கூலியைக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

சரி, ஊசி கழனிக்கு எப்படி வந்துச்சு? அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுப் பின்னாடி எருக்குழி இருக்கு. மாட்டுச் சாணி, அடுப்புச் சாம்பல், பெருக்கின குப்பை எல்லாம் அதுக்குள்ளதான். அம்மா ஊசியைப் போட்டுட்டு மூடியை மாட்டிக் குப்பை முறத்துல போட்டுடுவாங்க. குப்பை குழிக்குப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை குழியை வாரிக் கழனியில இறைப்போம். சாணி மக்கும், சாம்பல் மக்கும். பிளாஸ்டிக் மக்கவே மக்காது, ஊசி எவர்சில்வர், துரு கூடப் பிடிக்காது. சிவப்பு மூடி மட்டும் எங்கயாவது கழண்டு போகும்.

ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான்னு டாக்டர்கள் சொல்றாங்க. காசு பார்த்து நாங்க ரெண்டு நாள் ஓட்டுவோம். அப்படியே வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 180, ஆறு வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல. எழுபது சென்ட் கழனியில ஆயிரம் ஊசி. அந்தக் கீரையைத்தான் கட்டுக் கட்டா உங்களுக்கு அனுப்பிட்டிருந்தேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சைத் தகர டப்பாவுல போட்டுக் கொதிக்க வைப்பார். ஊருக்கே நாலஞ்சு ஊசிதான். தூக்கிப் போடுறதுங்கற பேச்சே கிடையாது. இந்தியாவுல எச்.ஐ.வி.யை முதல்ல கண்டுபிடிச்சது 1986ல, நம்ம சென்னையிலதான். அதுக்கப்புறம் பயம் வந்து, ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுற ஊசி எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. வந்தது நல்லதுக்குத்தான். போட்டு முடிச்ச ஊசி எங்க போகும்னு மட்டும் நம்ம வீடுகள்ல யாரும் யோசிக்கலை. மாட்டுக்குப் போட்ட ஊசியைக் கொட்டாய்க் கூரையில செருகி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. நானே செருகியிருக்கேன்.

ஆஸ்பத்திரிகளுக்குத் தனி விதி இருக்கு. ஊசியைக் குத்தினா ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுல போட்டு, அதுக்குன்னு இருக்கிற இடத்துக்கு அனுப்பணும். அதை மீறினா என்ன ஆகும்கிறதுக்கு 2009ல குஜராத்துல மோடாசா ஊரே சாட்சி. போட்ட சிரிஞ்சையே திரும்பப் போட்டதுல மஞ்சள் காமாலை பி பரவி நிறைய பேர் செத்துப்போனாங்க. பழைய சிரிஞ்சைப் பொறுக்கி விக்கிற வியாபாரமே நடந்தது அப்பதான் வெளியில வந்துச்சு. வீட்ல போடுற ஊசிக்கும் விதி உண்டு. 2016ல வந்த திடக்கழிவு விதியில, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட்டோட சேர்த்து ஊசி, சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவுன்னு எழுதியிருந்தாங்க. அதைத் தனியா வச்சுக் குடுக்கணும், வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு இடம் இருக்கணும்னு அந்த விதி சொல்லுச்சு. ஆனா நடைமுறையில, குப்பை எடுக்க வர்ற பொண்ணுகிட்ட டப்பாவை நீட்டினா, "இதை எங்கண்ணா போடுவேன்?"னு கேட்கும். அந்தப் பொண்ணு கையில கிழிஞ்ச துணிக் கையுறை. அது மேல எனக்குக் கோவம் வரலை.

இப்ப எங்க வீட்ல நடக்கிறதைச் சொல்றேன். பாத்ரூம் கழுவுற ஆசிட் வந்த கெட்டியான பிளாஸ்டிக் கேனை நல்லா அலசிக் காயவச்சு அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கு. தண்ணி பாட்டில் ஆகாது, அதை ஊசி ஒரே குத்துல தாண்டும். கண்ணாடி பாட்டில் உடையும். கடைசியா போட்டு முடிச்சதும் மூடி மாட்டாம, வளைக்காம, ஊசி கீழ இருக்கிற மாதிரி அப்படியே கேனுக்குள்ள. மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் நிறைய பேருக்கு விரல்ல குத்துது, அம்மா மாதிரி கண்ணு தெரியாதவங்களுக்குக் கேக்கவே வேணாம். சர்க்கரை பார்க்க விரல்ல குத்துற சின்ன ஊசியும் இதுக்குள்ளதான். அதை நிறைய வீட்ல மறந்துடுறாங்க. உங்க வீட்ல பேனா மாதிரி இன்சுலின்னா, அதோட நுனி ஊசியும் இதே கணக்குதான். முக்கால்வாசி நெறஞ்சதும் மூடி போட்டு, டேப் சுத்தி, 'உள்ளே ஊசி, திறக்காதீங்க'ன்னு பெரிசா எழுதுவேன். அம்மா ரத்தம் குடுக்கிற லேப்ல கேட்டுப் பார்த்தேன். அவங்க ஊசிக் கழிவை எடுக்க வர்ற வண்டியில சேர்த்துக்கிறோம்னு வாங்கிக்கிட்டாங்க. எல்லா இடத்துலயும் வாங்க மாட்டாங்க. ரெண்டு இடத்துல முடியாதுன்னு அனுப்பிட்டுத்தான் மூணாவது இடத்துல சரின்னாங்க. நீங்களும் நாலு இடத்துல கேளுங்க. அபார்ட்மென்ட்னா எல்லா வீட்டுதையும் சேர்த்து ஒருத்தர் கேட்டாப் போதும்.

அம்மா அந்தக் கேனுக்கு 'ஊசி உண்டியல்'னு பேர் வச்சிருக்காங்க. பேரன் பக்கத்துல போனா, "சாமி உண்டியல், தொடாதே"ம்பாங்க.

மிச்சம் இருக்கிறது கழனி. எருக்குழியை மொத்தமா தோண்டி, மணல் சலிக்கிற சல்லடையில சலிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு கையில இடுக்கி, கால்ல பூட்ஸ். நேத்து வரைக்கும் 143 கிடைச்சுது, அதுல அறுபதுக்கு மேல ரோஸ் கோடு தெரியுது. கழனிக்குள்ள போனதை என்ன பண்றதுன்னு இன்னும் தெரியலை. வியாழக்கிழமை அக்கா திரும்ப வேலைக்கு வந்தாங்க. கெட்டி ரப்பர் கையுறை வாங்கி வச்சிருந்தேன், போட்டுக்கிட்டு, "இதைப் போட்டா கோரையே பிடிபடலையே தம்பி"ன்னு சிரிச்சாங்க. ஒரு பாத்தி முடிச்சதும் கழட்டி வரப்புல வச்சுட்டாங்க. நான் எடுத்துட்டுப் போய்த் திரும்பக் குடுத்தேன்.