ராஜ்தூத் 350-க்கு ஒரு ஜோடி கார்புரேட்டர்

பழைய மோட்டார் சைக்கிளை மீட்டெடுக்க முனைவோர் பெரும்பாலும் டாங்கின் வண்ணத்திலிருந்தே தொடங்குகின்றனர். கண்ணுக்குத் தெரிவது அதுதான். திருப்பதியில் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் சித்தூர் இளைஞர் ஒருவருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவருடைய தாய்மாமன் 1985-இல் வாங்கிய ராஜ்தூத் 350, வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற பிறகு அவர் கைக்கு வந்தது. இன்ஜின் இருந்தது, சட்டகம் இருந்தது, டாங்கும் பெரிதாகத் துருவேறாமல் இருந்தது. கார்புரேட்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு கந்தல் துணிப்பந்துகள் அடைக்கப்பட்டிருந்தன. எப்போதோ ஒருவர் 'சர்வீஸுக்கு' என்று கழற்றிக்கொண்டு போனவை திரும்பி வரவேயில்லை.

இவ்வண்டியைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குச் சில செய்திகள் தேவைப்படலாம். யமஹா நிறுவனம் 1970-களில் ஜப்பானில் செய்த ஆர்.டி.350-ஐ, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் என்னும் பெயரில் இந்தியாவில் செய்து விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானிய மூலம் 39 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோல் சிக்கனம் கருதி இங்கே அதன் மூச்சைக் குறைத்தார்கள்: முதலில் வந்த ஹெச்.டி. வகைக்கு 30.5, பின்னர் வந்த எல்.டி. வகைக்கு 27. குறைத்த பிறகும் வாங்கியவர்களின் பணப்பையை அது விட்டுவைக்கவில்லை. பத்தாண்டு நிறைவதற்குள் உற்பத்தி நின்றது. அன்று விலைபோகாத வண்டி என்பதால் இன்று உதிரிபாகம் அரிது. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியே 'விண்டேஜ்'. ஆகவே 2035 வரையில் சட்டத்தின் பார்வையில் இது வெறும் பழைய வண்டிதான்.

புல்லட்டுக்கு ஒரு கார்புரேட்டர் போதும். இங்கோ சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். அவ்விரண்டும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். கார்புரேட்டரின் தத்துவம் எளிது. குறுகிய வழியில் விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு கீழே சிறு தொட்டியில் நிற்கும் பெட்ரோலை நுண்துளை வழியே மேலிழுக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ஸ்லைடு என்னும் உருளை மேலேறி வழியை அகலமாக்குகிறது. அதனடியில் தொங்கும் ஊசி, துளையைத் திறந்துவிடுகிறது. இந்த வடிவம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஏமல் நிறுவனத்திடம் வளர்ந்து, உரிமம் வழியாக ஜப்பானின் மிகுனிக்குச் சென்று, அங்கிருந்து இந்தியா வந்தது. பழைய புல்லட்டின் ஏமலும் ராஜ்தூத்தின் மிகுனியும் ஒரு வகையில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்.

தேடல் சித்தூரின் காயலான் கடைகளில் தொடங்கியது. அங்கே ஆர்.எக்ஸ்.100-இன் கார்புரேட்டர் கிடைத்தது. பழைய ஸ்கூட்டருடையது கிடைத்தது. ஆட்டோ ரிக்ஷாவுடையது குவியலாகவே கிடந்தது. திருப்பதியிலும் அதே கதை. இறுதியில், இப்பகுதியில் வண்டி வேலை செய்யும் எவரும் சொல்லும் ஊருக்கே அவரும் போனார்: சென்னை எழும்பூரை அடுத்துக் கூவத்தின் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டை. பிரித்துப்போட்ட வண்டிகளின் உறுப்புகள் இரும்புச் சட்டங்களிலும் சாக்குகளிலும் கிடக்கும் அந்தச் சந்துகளில், 'ஆர்.டி. ஜோடி' என்று கேட்டதும் ஒரு கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. மாத உதவித்தொகையில் ஒரு நல்ல பங்கு அங்கே போயிற்று.

சித்தூரில் அவற்றைப் பார்த்தவர் அறுபதைக் கடந்த ஒரு மெக்கானிக். ஊரார் 'பாய்' என்றே அழைப்பார்கள். அவர் பட்டறையில் பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். பெயர்ச்சொற்கள் மட்டும் எந்நேரமும் ஆங்கிலம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆர்க்காட்டோடு இருந்த ஊரில் இது இயல்பு. மொழிக்கலப்பை ஆராய்வோர் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் இத்தகைய பட்டறையில் ஒரு வாரம் உட்காரலாம்.

பாய் இரண்டையும் கையில் வாங்கி எடைபார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது ரெண்டும் அண்ணன் தம்பி இல்லப்பா. பக்கத்து வீட்டுக்காரங்க."

"எப்படிச் சொல்றீங்க பாய்? பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"பெயிண்ட் ஒண்ணு. உள்ள இருக்கிறது வேற."

அதன் பிறகு அவர் காட்டிய முறை, சுவடி பார்ப்பவரின் முறையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தது. முதலில் ஸ்லைடு. அதன் அடிவிளிம்பில், காற்று நுழையும் பக்கம் சரிவாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டின் அளவுக்கேற்ப அதில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் எண் வேறு. அடுத்து, ஸ்லைடை உள்ளே விட்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. ஒன்று அடங்கி நின்றது. மற்றொன்று 'டிக் டிக்' என்றது. ஆயிரக்கணக்கான மைல்கள் மேலும் கீழும் உராய்ந்து உருளை தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று புகும். ஐடிலிங் ஒருபோதும் நிலைக்காது. பிறகு மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் எண்கள். பிறகு ஊசி தேய்ந்து அதைச் சுற்றியுள்ள துளை முட்டை வடிவாகியிருக்கிறதா என்ற சோதனை. கடைசியாக, மிதவையைத் தாங்கும் இரு சிறு தூண்கள். அவசரக்காரர் கையில் முதலில் உடைவது அதுதான். ஒன்றில் உடைந்து, எம்-சீல் வைத்து ஒட்டப்பட்டிருந்தது.

இரு வேறு பிரதிகளின் ஏடுகளைக் கலந்து ஒரே சட்டத்துக்குள் கட்டிய சுவடியைப் படித்துப் பழகிய ஆய்வாளருக்கு இதன் பொருள் உடனே விளங்கியது. பழைய கார்புரேட்டர் வெறும் பொருளன்று. முன்பு அது பூட்டப்பட்டிருந்த இன்ஜினின் பாடம் அதில் ஏறியிருக்கிறது. ஜெட்டை ஒருவர் மாற்றியிருப்பார். வேறொருவர் கம்பியை விட்டுக் குடைந்து துளையைப் பெரிதாக்கியிருப்பார். துளை பெரிதானாலும் மேலே பொறித்த எண் பழையதாகவே நிற்கும். எண்ணை நம்புவதா, துளையை நம்புவதா என்பது மூலபாட ஆய்வில் வரும் கேள்வியேதான். வேறுபாடு, இங்கே தவறாகத் தீர்மானித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாம் முறை புதுப்பேட்டைக்கு அவர் ஒரு தாளோடு போனார். பெயிண்ட் அடிக்காத, அழுக்கேறிய ஒன்றை வேறு கடையில் கண்டெடுத்தார். அழுக்கு நல்ல அறிகுறி. எவரும் மறைக்க முற்படவில்லை என்று அதற்குப் பொருள். அதன் ஸ்லைடும், முதல் ஜோடியில் நன்றாக இருந்த ஸ்லைடும் ஒரே எண். மூன்று கார்புரேட்டர்களிலிருந்து இரண்டு உருவாயின.

சுத்தம் செய்யும் பணி ஒரு வாரம் நீண்டது. ஸ்லோ ஜெட்டின் துளை தலைமயிரைவிடச் சிறிதே பெரியது. எஃகுக் கம்பியை அதில் நுழைப்பது பாவம் என்பது பாயின் கொள்கை; பெட்ரோலில் ஊறப்போட்டுக் காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வட்டமாக ஒளி தெரிகிறவரை மீண்டும் ஊறப்போட வேண்டும். ஓ-ரிங்குகள், மிதவை ஊசி, இன்ஜினையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்கள் ஆகிய மூன்றிலும் பழையதை ஏற்பதில்லை. அந்த ரப்பரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று உட்புகும்.

பொருத்தும் நாளில் பாய் இரண்டு டிரில் பிட்டுகளைக் கொடுத்தார், துளையிட அல்ல. ஒரே அளவுள்ள அவற்றின் வழவழப்பான முனைகளை, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இரு ஸ்லைடுகளின் அடியிலும் செருக வேண்டும். ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கும்போது இரண்டும் ஒரே கணத்தில் தளர்ந்து விழுந்தால், இரு ஸ்லைடுகளும் ஒன்றாக எழுகின்றன. ஒன்று முந்தினால் ஒயரின் திருகாணியை அரைச் சுற்று மாற்ற வேண்டும். கடைகளில் இதற்கென அளவிகள் உண்டு. ஆனால் கற்பவருக்கு இந்த முறையே மேல், ஏனெனில் என்ன அளக்கப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே ஒயரின் மூன்றாம் கிளை ஆயில் பம்புக்குப் போகிறது. கார்புரேட்டர்களைச் சீராக்கிய பிறகே அதன் குறியை நேர்செய்ய வேண்டும். ஏர் ஸ்க்ரூவை முழுதும் இறுக்கி ஒன்றரைச் சுற்று தளர்த்துவது தொடக்கம். தளர்த்தினால் காற்று கூடும், இறுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும்.

பன்னிரண்டாம் கிக்கில் வண்டி உயிர்பெற்றது. தெருவே வெண்புகையில் மறைந்தது. அம்மாவின் விருப்பப்படி முதல் பயணம் சித்தூரை அடுத்துள்ள காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு. இப்பக்கத்தில் எந்த வண்டியும் முதலில் அங்கேதான் எலுமிச்சம்பழம் நசுக்கும். திரும்பி வந்த ஆய்வாளரின் முகத்தில் முனைவர் பட்டமே கிடைத்துவிட்ட களை. வண்டி துள்ளுகிறது, முறுக்கியதும் பறக்கிறது, புகைகூட அடங்கிவிட்டது என்றார்.

பாய் சிரிக்கவில்லை. "நல்லா ஓடுதுன்னு சொல்றியே, அதான் பயமா இருக்கு" என்றார். பிளக்குகளைக் கழற்றினார். இடது பிளக்கின் பீங்கான் காபி நிறத்தில் இருந்தது. வலது பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

தொடக்கநிலையாளர்க்கு இவ்வேலையில் மிகக் கடினமான பாடம் இதுவே. கலவையில் பெட்ரோல் தேவைக்கு மேல் போனால் வண்டி இருமும், பிளக் கருக்கும், புகை கக்கும்; அந்தத் தவறு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். பெட்ரோல் சற்றே குறைந்தாலோ இன்ஜின் கூர்மையாக, உற்சாகமாக ஓடும். அதே வேளையில் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி, விரிந்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நேர்ந்தால், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். வெற்றியின் அடையாளமும் ஆபத்தின் அடையாளமும் சில நிமிடங்களுக்கு ஒன்றாகவே இருக்கின்றன.

வலப்பக்கத்து ரப்பரில் காற்று கசியவில்லை. ஓடும் இன்ஜினில் அங்கே ஸ்ப்ரே அடித்தபோது சத்தம் மாறவில்லை. மிஞ்சியது ஜெட். இரண்டிலும் பொறித்த எண் ஒன்றே; ஆனால் இடப்பக்கத்துத் துளையை முன்பு எவரோ குடைந்திருக்க வேண்டும். ஆக, தவறான ஜெட் சரியாக ஓடியது. சரியான ஜெட் பிஸ்டனைக் கொல்லப் பார்த்தது. காரணம் பங்க்கில் இருக்கிறது. தூய பெட்ரோலின் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 போதும். 2025-இல் நாடெங்கும் வந்துவிட்ட 20 விழுக்காட்டு எத்தனால் கலவைக்கு இது சுமார் 13.5. புதிய வண்டிகளில் இதைக் கணினி ஈடுசெய்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பின் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் பித்தளைத் துளைக்கு எத்தனால் தெரியாது. அன்றைய பெட்ரோலுக்கு அளந்ததையே அது இன்றும் அளக்கிறது. தொழிற்சாலைக் கையேட்டின் எண்ணை அப்படியே பின்பற்றுவது, இங்கே மூலத்துக்கு உண்மையாக இருப்பது ஆகாது.

இரு பக்கமும் ஒரே அளவில் புதிய, ஒரு படி பெரிய ஜெட்டுகள் போடப்பட்டன. முதல் டாங்குக்குக் காவலாகப் பெட்ரோலிலும் சிறிது ஆயில் கலந்தார்கள். பாய் ஒரே நிபந்தனை விதித்தார்: "கிளட்ச் மேல ரெண்டு விரல் எப்பவும் இருக்கணும். சத்தம் மாறிச்சுன்னா யோசிக்காதே, புடிச்சிடு."

விடியற்காலையில் பூதலப்பட்டு வழியாகத் திருப்பதி சாலை. சந்திரகிரிக்கு முன், நெடுஞ்சாலை காலியாகக் கிடந்த இடத்தில், ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து சிறிது தூரம் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்தார். பிளக்கில் அந்த வேகத்தின் நிறம் மாறாமல் நிற்க இதுவே வழி. கோட்டை மலை தெரியும் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, துணியைச் சுற்றிக்கொண்டு இரு பிளக்குகளையும் கழற்றினார். இடது காபி நிறம். வலதும் காபி நிறந்தான், ஒரு சாயல் வெளிறியது. கைப்பேசியில் படமெடுத்துப் பாய்க்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் குரற்செய்தி வந்தது: ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கு, மெதுவாகப் போ, சாயங்காலம் பேசலாம். அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து, வலது கார்புரேட்டரின் மூடியைத் திறக்கத் தொடங்கினார்.