பரணை மாற்றும் நாள்

பதுளையிலிருந்து பசறை செல்லும் வழியில், நமுனுகுலை மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லையில், என் தாத்தாவுக்குச் சிறிய மரக்கறிப் பாத்தி ஒன்று இருந்தது. அதன் ஓரத்துப் பலாமரத்தில் பரண் கட்டி, இரவில் இறங்கிவரும் மரைகளைத் தகரம் தட்டி விரட்டுவார். குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்தோர் 'இதணம்' என்று அழைத்த அதே பரண்தான் அது.

துரைமாருக்கு வேட்டை பொழுதுபோக்காக இருந்தது. எங்கள் பரண் சுடுவதற்கன்று. போஞ்சிக் கொடியைக் காப்பதற்கு. மரையைக் கொல்வது இன்று சட்டப்படி குற்றமுமாகும். ஆயினும் வேட்டைக்காரனுக்கும் காவற்காரனுக்கும் ஒரே கேள்விதான்: பரணை எப்போது இடம் மாற்றுவது?

ஓரிரு இரவு மரை வராததனால் மாற்றிவிடலாகாது என்பார் தாத்தா. முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஆடி ஆவணியில் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் வீசும். மார்கழி தையில் வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும். மரை வரும் பக்கம் நோக்கி நம் வாடை போகுமானால், அது வேறு ஓரத்தால் பாத்திக்குள் நுழைந்துவிடும். அடுத்தது தடம். பழைய வழியில் புல் முளைத்து, பரணைச் சுற்றி வில்லாய் வளைந்த புதுக் குளம்படி தெரிந்தால் இனித் தாமதிக்கக் கூடாது. மரைகள் மறைவில் படுத்திருக்கும் நடுப்பகலில், ஓசையின்றி மாற்றிவிட வேண்டும்.

இத்தனையும் அறிந்த தாத்தாவே ஓராண்டு தவறினார். வளைந்த தடத்தை நானும் அவரும் கண்டோம். "ஏறிப் பழகின மரம்டா" என்று நாளைக் கடத்தினார். மூன்றே இரவில் பாத்தி மொட்டையாயிற்று. "மரை சொல்லிச்சு, நான்தான் கேட்கல" என்றார். அரைநாள் வேலை அது. அதைத் தடுத்தது அவருடைய பழக்கம் மட்டுமே.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடத்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தடம் தெரிந்தது, பரண் மாறவில்லை.

இங்கே தடுத்தது பழக்கமன்று. பலாமரத்திலிருந்து இறங்கி வேறொரு மரத்தில் ஏறுவதற்குத் தாத்தா எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லயத்தில் வாழ்பவனுக்கோ, தலைமுறை தலைமுறையாகக் கால் பதித்த நிலத்தில் ஒரு சாணும் சொந்தமில்லை. எழுந்து போ என்றால் எங்கே போவான்?

இம்மக்களை இடம்பெயர்க்க அரசுகள் என்றுமே தயங்கியதில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். மீரியபெத்தை சரிவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களுடைய விருப்பத்தை அன்று எவரும் கேட்கவில்லை. வேண்டாதபோது கடல் கடத்த முடிந்தது. உயிர் காக்க ஒரு குன்று தள்ளி வைக்க முடியவில்லை.

என் மாணவர்களுக்குப் பரண் கட்டும் கலை இனித் தேவைப்படாமற் போகலாம். தடம் பார்க்கும் கலை தேவைப்படும். அதனினும் மேலாக, தடத்தைக் கண்ட அன்றே எழுந்து நகர்வதற்குக் காலின் கீழே சொந்த நிலம் தேவைப்படும். அந்த நிலத்தைக் கேட்பதற்கு இன்னொரு மலை சரியும்வரை காத்திருக்கலாகாது.