வளைவுக்கு முன்னால்

நாங்கள் இருவரும் இரட்டையர். எங்களில் ஒருத்தி மற்றவளைவிட ஆறு நிமிடம் மூத்தவள். அந்த ஆறு நிமிடத்துக்காக இன்றுவரை ஜன்னலோர இருக்கை அவளுக்கே! சென்ற மே விடுமுறையில் திருச்சியிலிருந்து கோவை மாமா வீட்டுக்குப் பேருந்தில் சென்றபோதும் அப்படித்தான்.

வீட்டில் கார் இருந்தும் பேருந்தில் சென்றதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஐப்பசியில் கரூரிலிருந்து திரும்பும் வழியில், குளித்தலைக்கு அருகே நல்ல மழை. ஒரு வளைவில் நாய் குறுக்கே ஓடியது. அப்பா பிரேக்கை மிதித்தார்கள். கார் திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் இறங்கியது. அம்மாவுக்குக் கை முறிந்தது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அன்று முதல் அப்பா காரைத் தொடவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை.

மாமா பந்தயக் கார்களைப் பழுது பார்ப்பவர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர் அல்லவா கோவை! பந்தயக் கார்கள் உருவாக்கிய கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் பெரிய பந்தயப் பாதையும் இருக்கிறது. மாமா எங்களை அழைத்துச் சென்றது அங்கே அல்ல. புதிதாகப் பழகுவோருக்கான ஒரு சிறிய கார்ட் பாதைக்கு. பதினெட்டு வயது நிரம்பாமல் சாலையில் கார் ஓட்டக் கூடாது. இத்தகைய பாதையில் எங்கள் வயதினரும் பழகலாம்.

"அம்மாவிடம் சொல்ல வேண்டாமா, மாமா?" என்றோம்.

"நான் சொல்லிக்கிறேன், வாங்க" என்றார். சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கார்ட் என்பது கதவும் கூரையும் இல்லாத குட்டி வண்டி. உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். கியர் கிடையாது. வலது காலுக்கு ஆக்ஸிலரேட்டர், இடது காலுக்குப் பிரேக். ஏறுமுன் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் அடக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் சுழலும் அச்சில் முடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தோழியரே, இதை மட்டும் விளையாட்டாக எண்ணிவிடாதீர்கள்!

மூத்தவள் முதல் வளைவிலேயே பயந்து, பாதி திரும்பிய பின் பிரேக்கை மிதித்தாள். வண்டி பம்பரம்போல் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. மஞ்சள் கொடியைக் கண்டு பின்னால் வந்தவள் வேகத்தைக் குறைத்தாள். (சிரித்துக்கொண்டே குறைத்தாள். இரண்டு சுற்று கழித்து அவளும் சுழன்றாள்.)

பயிற்சி தந்த அண்ணன் எங்களைத் திட்டவில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் வளைவை வரைந்தார். "டயருக்கு இருக்கிற பிடிப்பு ஓரளவுதான் பாப்பா. நிற்கவும் வேணும், திரும்பவும் வேணும்னு ஒரே நேரத்தில் கேட்டா, அது எதைத் தரும்? பிரேக்கை நேர்ப்பாதையிலேயே முடிச்சுடணும். அப்புறம் திருப்பணும். வளைவு விரியும்போதுதான் ஆக்ஸிலரேட்டர்" என்றார். இந்தக் கார்ட்டில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே என்பதால் பின்புறம் வழுக்கிச் சுழல்கிறதாம். "காரில்?" என்று கேட்டோம். ஏ.பி.எஸ். இல்லாத பழைய காரில் ஈரச்சாலையில் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும் என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கார் அத்தகைய பழைய கார்தான்.

அதன்பின் மூன்று நாட்கள் பழகினோம். பாதையின் வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரம் செல்லக் கற்றோம். அருகிலுள்ள டயர்ச் சுவரைப் பார்க்காமல், போகவேண்டிய இடத்தைப் பார்க்கக் கற்றோம். சுவரைப் பார்த்தால் கையும் சுவருக்கே போகிறது!

வீடு திரும்பிய இரவு, கணக்கு நோட்டின் கடைசித் தாளில் அந்த வளைவை வரைந்து அப்பாவிடம் காட்டினோம். எங்கே பழகினோம் என்பதையும் சொன்னோம். அம்மாவுக்குக் கோபம். மாமாவுக்கு உடனே தொலைபேசியில் நன்றாகக் கிடைத்தது. அப்பா மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் திருப்பினேன்" என்றார்கள். "திருப்பத்தான் செய்தேன். அது வரவில்லை."

"தெரியும் அப்பா" என்றோம்.

மறுநாள் காலை அப்பா கார் உறையை நீக்கிச் சாவியைத் திருகினார்கள். சத்தமே இல்லை. இத்தனை மாதமும் ஓடாமல் நின்றதில் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. நாங்கள் வாசலிலேயே நின்றோம். உள்ளே அம்மா மெக்கானிக்கிடம் தொலைபேசியில், எப்போது வரமுடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.